சிட்டை சரியாக இருந்தால் சரக்கு சரியாக வரும்
கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்பது எப்படி?



நான் அப்பாவுடன் கடையில் உட்கார ஆரம்பித்த காலத்தில், குற்றாலத்துச் சில்லறைக் கடை ஒன்றிலிருந்து பையன் ஒருவன் சிட்டை கொண்டு வந்தான். ‘துவரம் பருப்பு 5’ என்று மட்டும் எழுதியிருந்தது. சாரல் நேரம்; தென்காசி கடைத் தெருவில் நிற்க இடமில்லை. சீசனுக்குத்தான் கேட்கிறார்கள் என்று ஐந்து மூடையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது ஐந்து கிலோ. வண்டி திரும்பி வந்தபோது அப்பா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “சிட்டையில் இல்லாததை நீயாக ஊகிக்காதே. திருப்பிக் கேள்.”

அந்தப் பேச்சின் முழு அருமை இப்போதுதான், என் அறுபது வயதுக்கு மேல், கம்ப்யூட்டர் மூலமாகப் புரிந்தது. நம் சங்க அன்பர்களுக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

கேரளப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு இருபது வருடமாக வத்தலும் மல்லியும் அனுப்பி வருகிறோம். சென்ற ஆண்டு அவர் ஜி.எஸ்.டி. பதிவை மாற்றிப் புது எண் கொடுத்தார். எங்கள் கடையில் அதைப் பதியும்போது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறிவிட்டன. பில் போடும் சாப்ட்வேர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. மூன்று மாதத்தில் ஏழு பில்கள். ஒவ்வொன்றும் சரக்கு 40,000 ரூபாய், வரி 2,000. ஐம்பதாயிரத்துக்கு உட்பட்டவை என்பதால் இ-வே பில்லும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அங்கேயே தட்டியிருக்கும்.

மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை ரிட்டர்ன் போக வேண்டுமல்லவா? போர்ட்டல் அந்த எண்ணை ஏற்கவில்லை. கணக்கு எழுதும் தம்பி, கெடு தவறிவிடக் கூடாதே என்று, அந்த பில்களைப் பதிவில்லாதவருக்கு விற்ற கணக்கில் சேர்த்துவிட்டார். நம் வரி சரியாகக் கட்டியாகிவிட்டது. ஆனால் வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் ஒரு பில்லும் வரவில்லை. அதில் வராத பில்லுக்கு 2022 ஜனவரி 1 முதல் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. ஏழு பில்லுக்கு 14,000 ரூபாய்.

அவர் சண்டை போடவில்லை. அடுத்த பாக்கியில் 14,000-ஐப் பிடித்துக்கொண்டு அனுப்பினார். பிறகு ஒரு மாதம் ஆர்டரே வரவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த ரிட்டர்னில் திருத்தி, நேரில் போய்ப் பேசி, பழையபடி ஆயிற்று. இப்படித் திருத்துவதற்கும் காலக்கெடு உண்டு. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அதற்கும் வழியில்லை.

மாப்பிள்ளை சொன்ன விளக்கம்

என் மருமகன் சாப்ட்வேர் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

“மாமா, உங்க கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டர்கிட்ட போய் விவரம் கேட்கிறதுக்கு ஒரு கவுண்டர் இருக்கு. அதைத்தான் ஏ.பி.ஐ.னு சொல்றோம். அங்கே நீங்க நீட்டுற சிட்டையில இருக்கிற ஒவ்வொரு கட்டமும் ஒரு பாராமீட்டர். கட்டத்துல என்ன எழுதினீங்களோ அதுக்குத்தான் பதில் வரும்.”

இது நமக்குத் தெரியாத விஷயமல்ல. நம் கல்லாவில் ஒட்டியிருக்கும் யு.பி.ஐ. கட்டப்படத்துக்குள் இருப்பதும் இப்படி ஒரு சிட்டைதான். படமாகத் தெரிவதை எழுத்தாகப் படித்தால் இப்படி இருக்கும்: முதலில் ‘யு.பி.ஐ. பே’, பிறகு ஒரு கேள்விக்குறி (?). அதன்பின் கட்டங்கள். பி.ஏ. என்ற கட்டத்தில் பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி, பி.என். என்பதில் பெயர், ஏ.எம். என்பதில் தொகை, சி.யு. என்பதில் நாணயம், டி.என். என்பதில் குறிப்பு. கட்டத்தின் பெயருக்கும் விவரத்துக்கும் நடுவே சமக்குறி (=). ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ‘&’ குறி.

கல்லாவில் ஒட்டியிருப்பதில் தொகைக் கட்டம் இருக்காது, வாடிக்கையாளரே அடித்துக்கொள்வார். பில்லுக்கு பில் புதிதாக வரும் படத்தில் தொகையும் சேர்ந்தே வரும்.

‘& சன்ஸ்’ படுத்தும் பாடு

இங்கேதான் ஒரு வேடிக்கை. நம்மில் பாதிப் பேர் கடைப் பெயரில் ‘& சன்ஸ்’, ‘& கோ’ உண்டு. அந்தக் குறியை அப்படியே போட்டுச் சிட்டை கட்டினால், கம்ப்யூட்டர் பெயர் அங்கேயே முடிந்தது, அடுத்த கட்டம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ‘முருகன் & சன்ஸ்’ என்பதில் முருகன் மட்டும் நிற்பார்; சன்ஸ் வெளியே போய்விடுவார்கள்!

அதைவிட மோசம் ‘#’ குறி. குறிப்பில் ‘பில் #215’ என்று எழுதினால், அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது சிட்டையைச் சேர்ந்ததே அல்ல என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. தொகைக் கட்டம் அதற்குப் பின்னால் இருந்தால் தொகையும் போயிற்று.

இதற்குப் பரிகாரம், விவரத்துக்குள் வரும் இத்தகைய குறிகளை மாற்றெழுத்தில் எழுதுவது. ‘&’ என்பதை %26 என்றும், ‘#’ என்பதை %23 என்றும், இடைவெளியை %20 என்றும் எழுத வேண்டும். நாம் கையால் எழுத வேண்டியதில்லை. சாப்ட்வேர் எழுதுபவர் சொற்களை அப்படியே ஒட்டவைக்காமல், இதற்கென்று உள்ள கருவியைப் பயன்படுத்தினால் தானாக மாறிவிடும். தொகையிலும் கவனம் வேண்டும். 1,250 என்று காற்புள்ளியுடன் போகக் கூடாது, 1250.00 என்று போக வேண்டும்.

பதினைந்து எழுத்துக்குள் ஒரு காவல்காரர்

இனி ஜி.எஸ்.டி. எண்ணுக்கு வருவோம். மொத்தம் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32. புளியரை தாண்டிப் போகிற சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி.யா, உள்ளூருக்கு மத்திய, மாநில வரி பாதிப்பாதியா என்பதை பில் போடும் சாப்ட்வேர் பெரும்பாலும் இந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அடுத்த பத்து பான் எண்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. பதின்மூன்றாவது, அதே பானுக்கு அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது வழக்கமாக இசட். பதினைந்தாவதுதான் காவல்காரர்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். இலக்கங்களுக்கு அதே மதிப்பு; ஆங்கில எழுத்துகளில் ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று போய் இசட்டுக்கு 35. முதல் 14 எழுத்துகளின் மதிப்பை வரிசையாக 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்க வேண்டும். பெருக்கிய விடை 36-ஐத் தொட்டால் அதை 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, மறுபடி 36-ஆல் வகுத்து, மீதியை 36-லிருந்து கழித்தால் வருவது பதினைந்தாவது எழுத்து. மீதியே இல்லையென்றால் பூஜ்யம்.

உதாரணமாக, 33 ஏபிசிடிஇ 1234 எஃப் 1 இசட் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 173. 36-ஆல் வகுத்தால் மீதி 29. கழித்தால் 7. ஆகவே கடைசி எழுத்து 7. இப்போது 1234 என்பதை 1324 என்று இடம் மாற்றி அடித்தால் கூட்டல் 172 ஆகும். கடைசியில் 8 வர வேண்டும். ஆனால் எண்ணில் இருப்பது 7. உடனே தெரிந்துவிடும், எங்கோ பிசகு என்று. இதைப் போர்ட்டலைக் கேட்காமலே, இன்டர்நெட் இல்லாமலே பார்க்கலாம். எங்கள் சாப்ட்வேரில் இந்த ஒரு கணக்கு இருந்திருந்தால் அந்த மூன்று மாதப் பிசகு முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்று. இந்த உதாரண எண் காவல்காரரைத் தாண்டிவிடும். ஆனாலும் உண்மை எண் அல்ல. பானின் நான்காவது எழுத்து உரிமையாளர் வகையைச் சொல்லும்: தனிநபர் பி, கூட்டு வியாபாரம் எஃப், கம்பெனி சி. டி என்று ஒரு வகை கிடையாது. அதேபோல் இலக்கம் வர வேண்டிய இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுந்தாலும் இடத்தைக் கொண்டே பிடித்துவிடலாம்.

எழுத்துப் பிழை இல்லையென்றால் போதுமா?

போதாது. பிழையில்லாமல் எழுதிய எண் ரத்தான எண்ணாக இருக்கலாம். வேறொருவர் எண்ணாகவும் இருக்கலாம். ஆகவே முதலில் நம்மிடமே உருவம் பார்க்க வேண்டும். பிறகு போர்ட்டலைக் கேட்க வேண்டும். வந்த பதிலில் பெயரும் ‘ஆக்டிவ்’ என்பதும் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இன்று ஆக்டிவ் ஆக இருப்பது நாளை ரத்தாகலாம் என்பதால் அவ்வப்போது மறுபடி பார்ப்பதும் நல்லது.

கேட்பவர் எழுதிக் கொடுத்ததைக் கேட்கப்படுபவரும் அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு நல்ல சான்று, யு.பி.ஐ.யை நடத்தும் தேசிய பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2025 ஏப்ரலில் போட்ட உத்தரவு. கட்டப்படத்தில் எழுதியுள்ள பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே பணம் அனுப்புமுன் அந்தப் பெயரைக் காட்டக் கூடாது, வங்கிக் கணக்கில் உள்ள பெயரைக் கேட்டு வாங்கிக் காட்ட வேண்டும் என்று, 2025 ஜூன் 30-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நம் படத்தின் மேல் வேறு படம் ஒட்டிவிட்டுப் போகும் களவாணிகள் உண்டல்லவா? தினமும் காலையில் கடை திறந்ததும் நம் போனிலேயே ஸ்கேன் செய்து, வரும் பெயரைப் பாருங்கள். விளக்கேற்றும் நேரம்கூட ஆகாது.

சாப்ட்வேர்காரரிடம் கேட்க வேண்டியவை

1. ஜி.எஸ்.டி. எண்ணைப் பதியும்போதே பதினைந்தாவது எழுத்தைச் சரிபார்க்கிறதா?

2. கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் நிறுத்துகிறதா, தானாக எதையாவது இட்டுக்கொள்கிறதா?

3. மாநிலமும் பின்கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறதா? தென்காசி 627811, குற்றாலம் 627802. கேரளத்துக்கு பில் போட்டு 62-ல் தொடங்கும் பின்கோடு இருந்தால் கேட்க வேண்டும்.

4. பில் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போனால் தடுக்கிறதா? அதுதான் சட்ட வரம்பு.

5. பிழை வந்தால் ‘தவறு’ என்று மட்டும் சொல்லாமல் எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று சொல்கிறதா?

6. பாஸ்வேர்டை இந்தச் சிட்டையில் எழுதி அனுப்புகிறதா? அனுப்பக் கூடாது. சிட்டை வழியெல்லாம் பதிவாகும்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகத்துக்கு சாப்ட்வேர் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை தெரியும். கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிட்டையில் குறை இருந்தால் ஊகிக்காதே, திருப்பிக் கேள் என்று அப்பா சொன்னதை இப்போது எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. கேரளத்து நண்பரின் வத்தல் ஆர்டரும் போன வாரம் வந்தது. இந்தத் தடவை, பில் போடுமுன் எண்ணை நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.