தறிக்குழிக்குள் மழைநீர் புகுந்தால் இழப்பீடு கிடைக்குமா? காஞ்சிபுரம் மக்களுக்கான வெள்ளக் காப்பீடு விளக்கம்

வடகிழக்குப் பருவமழை என்றாலே காஞ்சிபுரத்தில் இரண்டு தரப்புக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒன்று, சம்பா நெல் போட்ட விவசாயி. இன்னொன்று, வீட்டுக்குள் குழித்தறி வைத்திருக்கும் நெசவாளர். வெள்ளம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் பிறகு கைக்கு வரும் பணம் ஒன்றல்ல.

விவசாயியின் பயிருக்கு அரசு மானியத்துடன் காப்பீடு இருக்கிறது. நெசவாளரின் உயிருக்கும் காப்பீடு இருக்கிறது. அவருடைய தறிக்கும், அதில் ஏற்றிய பாவுக்கும்? அதற்கென்று தானாக வந்து சேரும் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்துக்கு வெள்ளம் எங்கிருந்து வருகிறது?

நகரின் ஓரமாக ஓடும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறுடன் சேர்கிறது. பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் வெள்ளமா என்று நினைத்தவர்களுக்கு 2021 நவம்பர் பதில் சொன்னது. அப்போது ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் ஓடியது. 1903-ல் வாணியம்பாடியைச் சீரழித்ததும் இதே பாலாறுதான்.

ஆறு மட்டும் காரணம் இல்லை. இது ஏரிகளின் மாவட்டம். தென்னேரி, உத்திரமேரூர், செம்பரம்பாக்கம் என ஏரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் கால்வாய் அடைபட்டால் அந்தத் தண்ணீர் வயலுக்கோ தெருவுக்கோதான் வரும். 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டு ‘ஏரி வாரியம்’ என்று ஏரிக்காகவே ஒரு குழுவைச் சொல்கிறது. ஏரியைக் கவனிக்காவிட்டால் ஊருக்கு என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நெசவாளர் வீட்டில் என்ன சேதமாகும்?

குழித்தறியில் மிதிகள் இருப்பது தரைக்குக் கீழே தோண்டிய குழியில். நெசவாளர் அதற்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்கிறார். அதனால் வீட்டு வாசலைத் தாண்டி அரை அடி தண்ணீர் வந்தாலே முதலில் நிரம்புவது தறிக்குழிதான். திரும்பத் திரும்பச் சாலை போட்டு உயர்ந்துவிட்ட தெருக்களில் வீட்டுத் தரை தாழ்ந்து கிடப்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

பட்டுப் பாவு நனைந்தால் சாயம் இறங்கலாம், சரிகை கறுக்கலாம். குழி காயும் வரை நெசவு கிடையாது. நெசவு இல்லை என்றால் கூலியும் இல்லை.

நெசவாளருக்கு இப்போது இருக்கும் காப்பீடு எது?

வங்கிக் கணக்கு உள்ள எல்லோரையும் போல அவரும் இரண்டு மத்திய அரசுத் திட்டங்களில் சேரலாம். பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு ஆண்டு பிரீமியம் 436 ரூபாய், வயது 18 முதல் 50 வரை. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு 20 ரூபாய், வயது 18 முதல் 70 வரை. முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், இரண்டாவதில் விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வெள்ளத்தில் சிக்கி இறப்பதும் விபத்துதான்.

ஆனால் இவை ஆளுக்கான காப்பீடு. தறி நனைந்ததற்கு இவற்றிலிருந்து ஒரு ரூபாய் கூட வராது.

அப்படியானால் வீட்டுக்கும் தறிக்கும் என்ன எடுக்கலாம்?

அமெரிக்காவில் 1968 முதல் வெள்ளத்துக்கென்றே தனி அரசுக் காப்பீடு உண்டு. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. இங்கே வெள்ளம் வருவது ‘தீ காப்பீடு’ வகைக்குள். பெயரைக் கேட்டதும் ‘நம்ம வீட்டுல எங்க தீப்பிடிக்கப் போகுது?’ என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் இதைத் தர வேண்டும். கட்டடத்தின் மதிப்பு என்பது திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனை விலை சேராது. கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு வரும். கட்டடத்துக்கு 10 லட்சம் என்றால் பொருட்களுக்கு 2 லட்சம். வாடகை வீட்டில் இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

இங்கே கவனம் தேவை. வீட்டுப் பொருள் என்றால் டிவி, பிரிட்ஜ், கட்டில், பீரோ. தறி என்பது தொழில் கருவி, பாவும் சரிகையும் சரக்கு. இவற்றுக்குப் பொருந்துவது ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறுதொழில்களுக்கான பாலிசி இது. வீட்டுக்குள் தறி இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். நிலத்தடி நீர் ஊறித் தறிக்குழி நிரம்பினால் அதை வெள்ளமாக எடுத்துக்கொள்வார்களா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பாவு யாருடையது?

பெரும்பாலும் நெசவாளருடையது இல்லை. பட்டையும் சரிகையையும் கூட்டுறவுச் சங்கமோ, முதலாளியோ கொடுக்கிறார்கள். நெசவாளருக்குக் கிடைப்பது கூலி. ஆகவே அந்தச் சரக்கைக் காப்பீடு செய்ய வேண்டிய முதல் பொறுப்பு கொடுத்தவருக்குத்தான்.

ஆனால் சங்கக் கிடங்கின் முகவரிக்கு மட்டும் பாலிசி இருந்தால், நெசவாளர் வீட்டில் நனைந்த பாவுக்கு அது உதவாமல் போகலாம். சரக்கு இருக்கும் வீடுகளும் பாலிசியில் குறிப்பிடப்பட வேண்டும். ‘எங்க வீட்டுல இருக்கிற பாவுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று சங்கத்தில் கேட்பது உறுப்பினரின் உரிமை.

நெல்லுக்கு எப்படி?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. விவசாயி கட்டுவது காரீஃப் பருவ நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ரபி பருவத்துக்கு 1.5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1.5 சதவீதக் கணக்கில் விவசாயியின் பங்கு 540 ரூபாய்.

ஒரு சிக்கல் உண்டு. இழப்பீடு தனி வயலைப் பார்த்து வராது. அந்த வருவாய்க் கிராமத்தில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையின் சராசரி விளைச்சலைப் பார்த்து வரும். உங்கள் வயல் மட்டும் மூழ்கி, ஊர் முழுக்க நல்ல விளைச்சல் என்றால் பணம் வராமல் போகலாம்.

தனி வயல் மூழ்கினாலும் இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல் 2018-ல் நீக்கப்பட்டது. அதை 2026 காரீஃப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் புகைப்படத்துடன் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அரசு நிவாரணம் வருமே, காப்பீடு எதற்கு?

நிவாரணம் என்பது உடனடிக் கைகொடுப்பு. இழப்பை ஈடுகட்டும் தொகை அல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டத்தின் சில பகுதிகள் உட்பட பாதிக்கப்பட்ட இடங்களில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் தரப்பட்டது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு 2,000 ரூபாய்.

அதே ஃபெஞ்சலுக்கு, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஏக்கர் கணக்கில் சுமார் 6,900 ரூபாய். எந்தப் பகுதிக்கு, எவ்வளவு என்பதை ஒவ்வொரு முறையும் அரசுதான் முடிவு செய்கிறது. பாலிசி இருந்தால் தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

மழைக்கு முன்:

- பாலிசியை அக்டோபருக்கு முன்பே எடுங்கள். பாலிசி தொடங்கும் முன் நடந்த சேதத்துக்குப் பணம் கிடையாது.
- தறி, ஜக்கார்டு பெட்டி, வீட்டுப் பொருட்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.
- சங்கத்தில் வாங்கிய பட்டு, சரிகைக்கான பதிவைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள்.
- சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்துடன் இ-சேவை மையத்திலோ கூட்டுறவு வங்கியிலோ பயிர்க் காப்பீட்டுக்குப் பதியுங்கள்.

தண்ணீர் புகுந்த பிறகு:

- நீர் எந்த அளவு நின்றது என்று தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள்.
- நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.
- மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை நனைந்த பாவைத் தூக்கிப் போட வேண்டாம்.

க்ளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.