ஜி. சுப்பிரமணிய ஐயரின் இதழ்ப்பணி

ஜி. சுப்பிரமணிய ஐயர் (சனவரி 19, 1855 - ஏப்ரல் 18, 1916) தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் பிறந்த இதழாசிரியரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். தி இந்து என்ற ஆங்கில இதழை நிறுவிய அறுவருள் ஒருவர். சுதேசமித்திரன் என்ற தமிழ் இதழின் நிறுவனர். ஆங்கிலேய ஆட்சியையும், சமயத்தின் பெயரால் நிலவிய வழக்கங்களையும் ஒருசேரக் கேள்விக்கு உட்படுத்தியது இவரது இதழ்ப்பணியின் சிறப்பாகும்.

தி இந்து

தஞ்சாவூரில் கல்வி பயின்ற இவர், பின்னர் சென்னையில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1878 இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியரான அவரும் தஞ்சை மாவட்டத்தவரே. சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இந்நியமனத்தைக் கண்டித்து எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூறும் நோக்குடன் இளைஞர் அறுவர், கடனாகப் பெற்ற சிறு தொகையைக் கொண்டு, 1878 செப்டம்பர் 20 அன்று தி இந்துவை வார இதழாகத் தொடங்கினர். முதல் இதழில் 80 படிகளே அச்சிடப்பட்டன. 1889 இல் அது நாளிதழாயிற்று.

சுதேசமித்திரன்

அக்காலத்தில் ஆங்கிலம் அறிந்தோர் மிகச் சிலரே. நிலவரி செலுத்திய உழவர்களுக்கும் சிற்றூர் மக்களுக்கும் அரசியல் செய்திகள் அவர்தம் மொழியிலேயே சென்று சேர வேண்டும் எனக் கருதிய ஐயர், 1882 இல் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கினார். அது 1899 முதல் நாளிதழாக வெளிவந்தது. 1904 இல் சுப்பிரமணிய பாரதியார் இதில் துணையாசிரியராகச் சேர்ந்தார்.

சமயமும் சீர்திருத்தமும்

விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதிவந்த ஐயர், 1889 இல் இளம் விதவையான தம் மகளுக்கு மும்பையில் மறுமணம் செய்வித்தார். இதனால் உறவினரும் சமூகத்தாரும் அவரைப் புறக்கணித்தனர். அரசை எதிர்த்த எழுத்துகளை வரவேற்ற வாசகர்கள் பலர், சீர்திருத்தக் கருத்துகளை ஏற்கவில்லை. 1898 இல் அவர் தி இந்துவிலிருந்து விலகிச் சுதேசமித்திரனை மட்டும் தொடர்ந்து நடத்தினார்.

கைதும் பிற்காலமும்

சுதேசமித்திரனில் வெளியான எழுத்துகளுக்காக 1908 இல் அரசுக்கெதிரான குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். நோயுற்றிருந்த அவர் பின்னர் விடுவிக்கப்பட்டார். தி இந்துவை 1905 இல் விலைக்கு வாங்கிய கஸ்தூரிரங்க ஐயங்காரும் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூரைச் சேர்ந்தவர் ஆவார்.