நெய்தல் உணாவும் புவனகிரிப் பகுதியின் உணவு மரபும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை எண்ணுங்கால் தெய்வத்தை முதற்கண் வைத்து, அதனை அடுத்து உணாவை வைக்கின்றார். மரமும் புள்ளும் பறையும் யாழும் அதற்குப் பின்னரே வருகின்றன. அவ்வுணாவிற்கு விளக்கம் கூறுமிடத்து, நெய்தல் நிலத்தார்க்கு உணவு மீன் என்று சொல்லி அமைதல் இன்று கைந்நூல்கள் பலவற்றின் வழக்காயிற்று. உரையாசிரியர் கூறியது அதுவன்று. மீனுக்கும் உப்பிற்கும் விலையாகப் பெற்ற பொருளையே அவர் நெய்தல் உணா என்றனர். இவ்வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினும் பயனால் பெரிது. புவனகிரிப் பகுதியின் உணவு மரபைத் துணைக்கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1. நிலத்தின் இயல்பு

புவனகிரி வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர். அதன் கிழக்கே, அவ்வாறு கடலொடு கலக்குமிடத்தில், பரங்கிப்பேட்டை உள்ளது. தெற்கே சிதம்பரமும், தென்மேற்கே வீராணம் ஏரியும் அதன் நீர் பாயும் நெல்வயல்களும் உள்ளன. எனவே இப்பகுதி நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலமாகும். கழிமுகத்தில் ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கின்றன. மடவை, கொடுவா முதலிய மீன்கள் அவ்விருவகை நீரிலும் வாழவல்லன. ஏரியிலோ விராலும் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கின்றன. ஆகவே மீன் என்னும் ஒரு பொருளை மட்டும் கொண்டு இவ்விரு நிலங்களையும் வேறு பிரித்தல் இயலாது.

2. இலக்கியச் சான்று

சிறுபாணாற்றுப்படை இதற்குத் தக்க சான்று பகர்கின்றது. அந்நூல் கூறும் ஓய்மானாடு புவனகிரிக்கு வடக்கே, திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியாகும். பாணன் எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீனை உண்கின்றான். பின்னர் மருதநிலத்து ஆமூரில் உழவர்குடி மகள் தரும் வெண்சோற்றை நண்டின் கலவையோடு உண்கின்றான். வயலில் விளைந்த சோற்றிற்கு நீர்வாழ் உயிர் துணையாதல் மருதத்திலும் உண்டு என்பது இதனால் தெளிவாம்.

மீன் உணவாதலினும் விலைப்பொருளாதலே நெய்தற்குச் சிறப்பு. நற்றிணையின் 45ஆம் பாட்டில் தலைவி, அறுத்து உலர்த்திய சுறாமீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகின்றாள். உலர்த்திய மீனே நெடுந்தொலைவு செல்லவல்லது. அம்மூவனார் பாடிய அகநானூற்று 140, 390ஆம் பாட்டுகளில் உப்பு விற்கும் மகள், நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்று ஊர்த்தெருவில் கூவி விற்கின்றாள். பொருநராற்றுப்படையும் மீன்நெய்யும் நறவும், தேனும் கிழங்கும் தம்முள் மாறப்பெற்றதைக் காட்டுகின்றது. எனவே நெய்தலாரின் கலத்திற் சோறு வருவது கடலிலிருந்து அன்று. மருதத்தின் களத்திலிருந்தே என்க.

3. இன்றைய வழக்கு

இம்மாற்று முறை நூல்வழக்கோடு நின்றதன்று. அறுவடைக் காலத்தில் நெல்லுக்கு உப்பும் கருவாடும் மாற்றும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. இன்று காசு இடையே புகுந்ததேயன்றி மாற்றின் இயல்பு மாறிற்றில்லை. கடற்கரையிற் பிடித்த நெத்திலியும் சுறாவும் உள்நாட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. அவ்விலையால் அரிசி கரைக்கு மீள்கின்றது.

புலால் சேராத உணவிலும் இவ்வுண்மையைக் காணலாம். தில்லை நடராசர் கோயிலிற் படைக்கப்பெறும் சம்பா சாதம், மிளகும் சீரகமும் நெய்யும் கூட்டிச் சமைப்பது; அதற்குத் துணையாவது கத்தரிக்காய்க் கொத்சு. அச்சோற்றில் நெல் மருதத்தின் பயன். உப்பு நெய்தலின் பயன். நெய் முல்லையின் பயன். மிளகு குறிஞ்சியின் பயன். நானிலத்து விளைவும் ஒரு கலத்தில் கூடியிருத்தலைக் காண்கிறோம். மிளகிற்குக் கறி என்பது பழம்பெயர். புகாரில் கறிமூடைகள் வந்து குவிந்தமையைப் பட்டினப்பாலை கூறும். அச்சொல்லே இன்று சோற்றிற்குத் துணையாகும் உணவையும் ஊனையும் குறிக்க வழங்குகின்றது.

கடல் கடந்து வந்த பொருள்களும் இம்மரபில் கலந்தன. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இக்கரையை அடைந்தனர். மேலைநாட்டாரைக் குறித்த பரங்கி என்னும் சொல் பரங்கிப்பேட்டையில் ஊர்ப்பெயராகவும் பரங்கிக்காயில் காய்ப்பெயராகவும் நிலைத்தது. பரங்கிக்காயும் மிளகாயும் பண்ணுருட்டிப் பக்கத்தில் இன்று மிக விளையும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியன. புதிதாய் வந்த காரத்திற்குப் பழைய மிளகின் பெயரையே அடியாகக் கொண்டு மிளகாய் என்று தமிழர் பெயரிட்டனர்.

4. மாற்று முறியுங்கால்

உரையாசிரியர் கருத்தின் ஆழம் துன்பக் காலத்திலேயே நன்கு விளங்கும். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபொழுது படகும் வலையும் அழிந்தன. அதன்பின் சில காலம் உள்நாட்டு மக்கள் மீன் உண்ண அஞ்சினர். பிடித்த மீனுக்கும் விலை இல்லையாயிற்று. கடலில் மீன் இருந்தும் கரையில் உணவு இல்லை. மீனே நெய்தல் உணா என்பார்க்கு இந்நிலை விளங்காது. மீன்விலையே உணா என்பார்க்கு எளிதில் விளங்கும்.

இனி, மாற்றுதற்கு உப்பும் நெல்லும் இல்லாதார் நிலை யாது? இவ்வினாவிற்கு விடை கண்டவரும் இந்நிலத்தவரே. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் தோன்றிய இராமலிங்க அடிகள், 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. விலையும் மாற்றும் வேண்டாது, பசியொன்றே தகுதியாக அங்குச் சோறு இடப்படுகின்றது.

ஆகவே திணையுணவு என்பது ஒரு நிலத்துள் அடைபட்ட பொருளன்று. நிலமும் நிலமும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த உறவின் பெயர். உரிப்பொருள் ஒழிந்தன மயங்கும் என்று தொல்காப்பியர் விதித்ததும் இவ்வாழ்வை நோக்கியே போலும். நெய்தற் பாடல்களைப் பயில்வோர் பரதவரின் வலையோடு நில்லாமல், உப்பு விற்கும் மகளின் குரலையும் செவிமடுத்தல் வேண்டும். மீன்கூடை சுமந்து சந்தைக்கு வரும் மகளிரிடம் வழங்கும் அளவைப் பெயர்களையும் மீன்பெயர்களையும் உணவுச் சொற்களையும் தொகுப்பின், உரையாசிரியர் சுருங்கச் சொன்னதற்கு விரிந்த விளக்கம் கிடைக்கும்.