மிளகுக் கொடியின் பகைவனும் நண்பனும்

கஞ்சியிட்ட பாவு நூலை ஈரம் உலராமல் மூடி வைத்தால் அதன்மீது பூசணம் படர்வதை நெசவாளர் நன்கறிவர். இதனால் பூசணம் என்றாலே அழிவு என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கொல்லிமலை மிளகுத் தோட்டங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் நஷ்டத்தையே விளைவிக்கும்.

பூசணம் செடியுமன்று, பிராணியுமன்று. பச்சையம் இல்லாமையால் தன் உணவைத் தானே ஆக்க இயலாது, பிறவற்றைச் சார்ந்து வாழ்கிறது. சில்வர் ஓக், பலா முதலிய மரங்களின் சருகையும் சுள்ளியையும் மக்கச் செய்து, அவற்றின் சத்தை மண்ணுக்கு மீட்டுத் தருவன பெரும்பாலும் பூசணங்களே. வேர் உட்பூசணம் என்னும் வகை மிளகு வேரினுள் குடிபுகுந்து, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொணர்ந்து கொடுத்து, கூலியாகச் சர்க்கரையைப் பெறுகிறது.

அங்ஙனமாயின், மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி தோன்றி, அடித்தண்டு அழுகி, கொடி விரைவில் வாடி மடிவது எதனால்? பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிரால். தோற்றத்தில் பூசணத்தை ஒத்திருப்பினும் இது உண்மைப் பூசணமன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவானது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிக் கொடும் பஞ்சத்துக்குக் காரணமானதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதன் வித்துக்கள் இரு வால்களால் நீரில் நீந்தவல்லவை. ஆதலின் தேங்கிய நீரும், வழிந்தோடும் மழைநீரும், காலில் ஒட்டிய மண்ணும், நோயுற்ற தோட்டத்து நாற்றும் இதனைப் பரப்புகின்றன.

இப்பகைவனை அடக்க இரு வழிகள் உள. மழை தொடங்குமுன் இலைகளில் 1 சதவீத போர்டோக் கலவை தெளித்தல் ஒன்று. 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குக. தீட்டிய கத்தியைத் தோய்த்தெடுக்கையில் செந்நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

மற்றொன்று, டிரைக்கோடெர்மா என்னும் நட்புப் பூசணம். இது பகைவனைச் சுற்றிப் பற்றி அழிக்கும். 90 கிலோ மக்கிய சாணம், 10 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றுடன் இதனை 1 கிலோ கலந்து, நீர் தெளித்து, நிழலில் மூடி வைத்து, இடையிடையே கிளறி, இரு வாரம் சென்றபின் கொடியின் அடியில் இடுக.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். தாமிர மருந்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் மண்ணில் இட்டால், தாமிரம் நண்பனையும் கொல்லும். இரண்டிற்கும் செலவிட்ட பணத்தில் ஒரு பகுதி வீணாகும். இரண்டிற்குமிடையே குறைந்தது 15 நாள் இடைவெளி விடுக.

மலைச்சரிவில் மேல்தோட்டத்து நீரே கீழ்த்தோட்டத்திற்கு இறங்குகிறது. ஒருவர் வடிகால் வெட்டாது விட்டால், பட்ட கொடியை அகற்றி எரிக்காது விட்டால், அடுத்தவர் பல்லாண்டு வளர்த்த கொடியும் மடியும். ஆகவே நோயற்ற தோட்டத்து நாற்றையே வாங்குவதும், வடிகாலை மழைக்கு முன் ஒருங்கே சீர்செய்வதும் சங்கத்தின் பொதுக் கடமையென அங்கத்தினர் கொள்வாராக.