வாப்பாவின் கடன் கொப்பி

புற்றுநோய்க்கு நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் பணம் அறவிடுவதில்லை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையானாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவானாலும் கட்டிலுக்கும் வைத்தியருக்கும் பில் வராது. அப்படியிருந்தும் ஒருவர் அந்த நோயில் மௌத்தான பிறகு அந்த வீடு ஏன் வருடக்கணக்கில் கடனில் கிடக்கிறது? சென்ற வருடம் எங்கள் வாப்பா வபாத்தான பின் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை, வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால், என் தலையில் விழுந்தது. வாப்பா வாவியில் இறாலும் மீனும் பிடிப்பவர்களிடம் வாங்கிச் சந்தைக்கு அனுப்புகிறவர். கணக்கெல்லாம் ஒரு பழைய சி.ஆர். கொப்பியில்தான்.

செலவின் பெரிய பங்கு மருந்தல்ல. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆரம்பத்தில் உதயதேவியில் போய் வந்தார்கள். உடம்பு தளர்ந்தபின் அத்தனை மணித்தியாலம் உட்கார முடியாமல் போகவே வேன் பிடிக்க வேண்டி வந்தது. கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, தங்க ஓர் அறை. வைத்தியசாலையில் ஒரு ஸ்கேனுக்கு நாள் தள்ளிப் போனால் வெளியே எடுப்பது. மருந்து கையிருப்பில் இல்லையென்றால் துண்டை எடுத்துக்கொண்டு பாமசிக்கு ஓடுவது. 2022 இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் நோயாளிகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தச் செலவின் கனதி தெரிந்தவர்கள்தான் 2016 இல் கதீஜா பவுண்டேஷன் மகரகம வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கப் பணம் சேர்த்தபோது அள்ளிக் கொடுத்தார்கள். அந்த முயற்சியைத் தொடங்கியவர் தன் மகனைப் புற்றுநோயில் இழந்த ஒரு தந்தை. சாதி மத பேதமின்றிச் சில மாதங்களிலேயே கோடிக்கணக்கில் சேர்ந்தது.

ஆனால் எங்கள் கணக்கில் மிகப் பெரிய தொகை எந்த பில்லிலும் இல்லை. அது வாப்பா தொழிலுக்குப் போகாத நாட்கள். மாதச் சம்பளக்காரருக்கு லீவு உண்டு. நாள் வியாபாரிக்கு நோயின் முதல் நாளே வருமானத்தின் கடைசி நாள். கடன் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், "மையித்துக்கு யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள்" என்று அறிவிப்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய வசனம். அதன் பாரம் நமது வீட்டு ஜனாஸாவில்தான் தெரியும். நபி (ஸல்) அவர்கள் கடனுடன் மரணித்த ஒருவருக்குத் தொழுவிக்காமல் நின்றதும், அபூ கதாதா (ரழி) அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பயத்தில் வந்தவர் போனவர் சொன்ன தொகைக்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார்கள். நம் மார்க்கச் சட்டம் சொல்வது அதைவிட நிதானமானது.

இலங்கையில் வஸிய்யத்து எழுதாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவரது மத்ஹபின் முறையில்தான் பிரிகிறது. முதலில் கபன், அடக்கச் செலவு. அடுத்தது கடன். அதன் பிறகே வாரிசுகள். பேச்சுக்கு ஒருவர் 10 இலட்சம் ரூபா விட்டுச் சென்றார் என்று வைப்போம். அடக்கச் செலவு 40,000, கடன் 480,000. மிச்சம் 480,000. அவரது தாய் உயிருடன் இருந்தால் ஆறில் ஒன்று, 80,000. மனைவிக்கு எட்டில் ஒன்று, 60,000. மீதி 340,000 ஒரு மகனுக்கும் இரண்டு மகள்மாருக்கும் என்றால் மகனுக்கு 170,000, மகள்மாருக்கு 85,000 வீதம். (கடனைக் கழிக்காமல் பங்கு போட்டுவிட்டுப் பிறகு சண்டை பிடிக்கும் குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.) கடன் சொத்தைவிடக் கூடினால் என்ன? இருப்பதைக் கொண்டு அடைக்க வேண்டும். மீதியைப் பிள்ளைகள் விரும்பி அடைத்தால் அது பெரிய நன்மை. ஆனால் அவர்கள் பிணை வைத்திராவிட்டால் அது அவர்கள்மேல் கட்டாயக் கடமையல்ல. இதை மௌலவி ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் உம்மாவுக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு யாரும் உரிமை கோர முடியாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெளிவானது. நமது பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. மூத்தம்மாவும் அப்பாவும் உம்மாவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. மாப்பிள்ளைதான் அதில் வந்து குடியேறுகிறார். ஆகவே கடன் வாப்பாவுடையது, வீடு உம்மாவுடையது. சீதன முறையை நான் ஆதரிப்பவளல்ல. மகள்மாருக்கு வீடு கட்டியே தேய்ந்துபோகும் வாப்பாமார்களை நாம் தினமும் பார்க்கிறோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராத்தாவுக்கென்று எழுப்பிய சுவர் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. ஆயினும் உறுதி உம்மாவின் பெயரில் இருந்ததால்தான் இன்று நாங்கள் வாடகை வீடு தேடாமல் இருக்கிறோம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நுண்கடன் கம்பனிகள் எங்கள் பகுதியில் கடன் கொடுப்பது பெண்களுக்கு. குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்க வைத்து, கிழமைக்குக் கிழமை அறவிடுவார்கள். வேனுக்கும் ஸ்கேனுக்கும் எடுத்த காசு வாப்பாவின் நோய்க்குத்தான் போனது, கையெழுத்தோ உம்மாவுடையது. அந்தக் கடன் வாப்பாவின் சொத்துக் கணக்கில் வராது. அவர் மௌத்தானாலும் அது உயிரோடு இருக்கும். தவணை தவறினால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதவும் தட்டப்படும். நகையும் அப்படியே. அடகு வைத்த காப்பும் மாலையும் உம்மாவுடையவை. "கணவனுக்குக் கடனாகக் கொடுத்தீர்களா, அன்பளிப்பாகக் கொடுத்தீர்களா?" என்று மௌலவி கேட்டார். கடனாகக் கொடுத்திருந்தால் உம்மாவும் ஒரு கடன்காரி, பங்கு பிரிக்க முன் அவருக்கும் கொடுக்க வேண்டும். கொடுபடாத மஹரும் அவ்வாறே. "அந்த நேரம் எந்தப் பொண்டாட்டி இதெல்லாம் யோசிப்பா?" என்றார் உம்மா. உண்மைதான். ஆனால் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. அது புருஷன் பொண்டாட்டியை விலக்கிச் சொல்லவில்லை.

இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கந்தோர் வேலைகள் குவிவதும் அதே காலத்தில்தான். அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போக ஷாபிஈ மத்ஹபில் இடமுண்டு. என்றாலும் ஊர் வாய்க்குப் பயந்து பலர் போவதில்லை. அதனால் மரணச் சான்றிதழின் பிரதிகளைப் பிள்ளைகளோ மாமாமாரோ முதலிலேயே நாலைந்தாக எடுத்து வைப்பது நல்லது, எல்லா இடத்திலும் கேட்பார்கள். கடையிலோ கம்பனியிலோ சம்பளத்துக்கு வேலை செய்தவரென்றால் ஊழியர் சேமலாப நிதியைத் தேடிப் பாருங்கள். சம்பளத்தில் நூற்றுக்கு 8 தொழிலாளியும் 12 முதலாளியும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 கட்ட வேண்டும். அந்தப் பணம் குடும்பத்துக்குரியது. அரசாங்க உத்தியோகத்தரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. இரண்டும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு, 2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் ஒரு பிரிவு. இதைக் கேட்க வெட்கப்படுகிறோம். இரக்கப்பட்டுத் தரும் ஸதகா அல்ல அது, பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்ட உரிமை.

கொப்பிக்கு வருகிறேன். அதில் வாப்பா கொடுக்க வேண்டியது ஒரு பக்கம், அவருக்கு வர வேண்டியது மறுபக்கம். வலைக்கும் தோணி திருத்தவும் அவரிடம் முற்பணம் வாங்கிய வாவித் தொழிலாளிகளின் பெயர்கள் அங்கே இருந்தன. வர வேண்டிய கடனும் சொத்துத்தான், அதிலும் வாரிசுகளுக்குப் பங்குண்டு. ஆகவே பெரியவர்களின் சம்மதமில்லாமல் எதையும் மன்னிக்கவும் முடியாது; வயதுக்கு வராத தம்பியின் பங்கை யாரும் மன்னிக்கவே முடியாது. காக்கா ஒவ்வொரு தோணித்துறையாகப் போனார். வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலுள்ள தமிழ் அண்ணன் ஒருவர், கொப்பியில் 6,000 என்றிருக்க, தான் கொடுக்க வேண்டியது 8,500 என்று சொல்லி, மாரியில் இறால் படும்போது இரண்டு தவணையில் தருவதாகக் கூறினார். முதல் தவணை வந்துவிட்டது. அதை நுண்கடனுக்குக் கட்டவில்லை. வாப்பாவுக்கு ஐஸ் கொடுத்தவரின் பாக்கி அந்தக் கொப்பியிலேயே அடுத்த வரியில் இருந்தது, அவருக்குக் கொடுத்து, அந்த வரியை நான் வெட்டினேன்.