ஒரே ஒரு சென்டிமீட்டர்!

2023-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி. ஒடிசா மாநிலம் புவனேசுவரத்தில் உள்ள கலிங்கா விளையாட்டு அரங்கில் தேசியத் தடகளப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சீனாவில் நடைபெற இருந்த ஆசிய விளையாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. வந்திருந்த வீரர்களின் நெஞ்சு படபடத்தது.

கேரள வாலிபர் முரளி ஸ்ரீசங்கர் ஓடி வந்தார். பலகையை மிதித்தார். பாய்ந்தார்! அளந்து பார்த்தார்கள். 8 மீட்டர் 41 சென்டிமீட்டர்!

அப்போதைய இந்தியச் சாதனை எவ்வளவு தெரியுமா? 8 மீட்டர் 42 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் அதே ஆண்டு மார்ச்சில் தாண்டிய தூரம் அது.

ஆம், ஒரே ஒரு சென்டிமீட்டரில் சாதனை தவறிப் போயிற்று!

அளப்பது எப்படி?

மிதிக்கும் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர்தான். பாதம் அதன் முன் விளிம்பைத் தாண்டினால் அந்தப் பாய்ச்சல் செல்லாது. அரை அடி முன்னதாகவே எழும்பினால் அந்த அரை அடி நஷ்டம்! ஏனெனில், அந்த விளிம்பில் இருந்துதான் அளப்பார்கள்.

ஆகவே, வேகமாக ஓடி வந்தாலும் காலடி பிசகக் கூடாது. அதற்கு நாள்தோறும் பழக வேண்டும். பழகுவதற்கு நல்ல ஓடுதளம் வேண்டும்.

90 நாளில் ஓடுதளம்

கலிங்கா அரங்கில் அந்த வசதி உண்டு. ராஞ்சியில் நடக்க வேண்டிய 2017-ம் ஆண்டு ஆசியத் தடகளப் போட்டி புவனேசுவரத்துக்கு மாறியபோது, 90 நாளில் அரங்கைத் தயார் செய்தார்கள்! 2024-ல் கூரை போட்ட தடகள அரங்கமும் அங்கே திறக்கப்பட்டது. வெயிலானாலும் மழையானாலும் பயிற்சி தடைபடாது.

தந்தையே ஆசான்

ஸ்ரீசங்கருக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய தந்தை முரளி. அவரும் பழைய தடகள வீரர். தாயார் ஓட்டப் பந்தய வீராங்கனை.

2022-ல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் தாண்டிய அதே 8.08 மீட்டரை மகனும் தாண்டினார். இரண்டாவது சிறந்த பாய்ச்சலைப் பார்த்தார்கள். மகனுக்கு வெள்ளிதான் கிடைத்தது. 2023 ஆசிய விளையாட்டிலும் வெள்ளி. தங்கம் தவறியது மூன்றே சென்டிமீட்டரில்!

2024 ஏப்ரலில் முழங்காலில் காயம். பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் போயிற்று. வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார்.

அவர் உடையவில்லை. 2025 ஜூலையில் மீண்டும் போட்டிக்கு வந்தார். ஓடினார். பலகையை மிதித்தார். பாய்ந்தார்!