சர்க்கரையும் இல்லை, பிபியும் இல்லை... பிறகு ஏன் கிட்னி கெட்டது?

சொந்தத்தில் யாருக்காவது கிட்னி ஃபெயிலியர் என்று போன் வந்தால், நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி, “சுகரா, பிபியா?” என்பதுதான். மயிலாப்பூர் மாமியானாலும் தி.நகர் துணிக்கடை அண்ணனானாலும் கேள்வி மாறாது. ஏதாவது ஒன்றுக்கு “ஆமாம்” என்று பதில் வந்துவிட்டால், “வாயைக் கட்டியிருக்கணும்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம்.

இரண்டுமே இல்லை என்றால்?

இந்தியா முழுவதும் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் 52,273 பேரின் விவரங்களைத் திரட்டிய பதிவேடு ஒன்றின் முடிவுகள் 2012-ல் வெளியாயின. அதில் 31 சதவிகிதம் பேருக்குக் காரணம் சர்க்கரை நோய். 13 சதவிகிதம் பேருக்கு ரத்த அழுத்தம். 16 சதவிகிதம் பேருக்கு ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது, பிபியால் கிட்னி கெட்டவர்களைவிட, எதனால் கெட்டது என்றே தெரியாதவர்கள் அதிகம்!

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலானோர் வருவதே கடைசிக் கட்டத்தில்தான். அதற்குள் சிறுநீரகம் சுருங்கிப்போயிருக்கும். ஊசியால் துளியூண்டு சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பரிசோதனையையும் அப்போது செய்ய முடியாது. செய்தாலும் தழும்பைத் தவிர ஒன்றும் தெரியாது. வீடு முழுக்க எரிந்து சாம்பலான பிறகு, தீ எந்த அறையில் பிடித்தது என்று தேடுகிற கதைதான்.

சத்தமே போடாத உறுப்பு

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது. மீதி மறுபடியும் உடம்புக்கே திரும்புகிறது. வடிகட்டும் திறனில் பாதி போனாலும் மீதிப் பாதி வேலையை இழுத்துக்கொண்டு ஓடும். வலிக்காது, காய்ச்சல் வராது. கால் வீங்கி, வாந்தி வந்து, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பலருக்கு மிச்சமிருப்பது கால் பங்குகூட இல்லை.

அதனால்தான் ‘ஏன்?’ என்ற கேள்விக்கான பதில் முக்கியமாகிறது. காரணத்தை முன்கூட்டியே பிடித்துவிட்டால் சில வகை பாதிப்புகளை அப்படியே திருப்பிவிட முடியும். அப்படிப் பிடிபட்ட ஒன்றுதான் இந்தக் க்ரீம் விவகாரம்.

முகத்தில் பூசியது, சிறுநீரில் தெரிந்தது

கேரளாவின் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை. சிறுநீரில் புரதம் கொட்டும் ‘மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி’ என்ற நோயுடன் வழக்கத்துக்கு மாறாகப் பலர் வரத் தொடங்கினார்கள். முகம் வீங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும், சிறுநீர் சோப்பு நுரை போல நுரைக்கும். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை இப்படி 22 பேர். அவர்களில் 15 பேரின் பயாப்ஸியில் ‘நெல்-1’ என்ற புரதம் தென்பட்டது. இந்த நோயில் வழக்கமாகக் காணப்படுவது வேறொரு புரதம்.

டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டதில், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. தோலை வெளுக்க வைக்க இத்தகைய க்ரீம்களில் பாதரசம் சேர்க்கப்படுவது உண்டு. அது தோல் வழியாக உடம்புக்குள் இறங்கி, சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குகிறது. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்பே இதே தடயம் சென்னையிலும் கிடைத்திருந்தது. தென்னிந்திய மருத்துவமனைகள் பலவற்றிலிருந்து சிறுநீரக பயாப்ஸிகள் வந்து சேரும் இடம், சென்னையிலுள்ள ரீனோபாத் ஆய்வகம். அங்கே பணியாற்றும் நோயியல் நிபுணர் டாக்டர் அனிலா ஆபிரகாம் குரியனும் மற்ற மருத்துவர்களும் நெல்-1 வகை நோயாளிகளின் பழக்கவழக்கங்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் கணிசமானோர் பாரம்பரிய மருந்து என்ற பெயரில் எதையோ சாப்பிட்டு வந்தவர்கள். சில மருந்துகளைச் சோதித்ததில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் பலருக்குப் புரதக் கசிவு குறைந்தது. இந்த ஆய்வு 2022-ல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் வெளியானது.

உடனே வீட்டில் இருக்கும் சுக்கையும் கடுக்காயையும் தூக்கி எறிய வேண்டாம். இங்கே குற்றவாளி மூலிகை இல்லை, பாதரசம். மூட்டு வலிக்கு, மூலத்துக்கு, ‘ஆண்மைக்கு’ என்று லேபிள்கூட இல்லாமல் கைக்கு வரும் பொடி, உருண்டை, லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான் சிக்கல். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்குவதும், வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்து ஆர்டர் போடுவதும் ஒன்றல்ல. க்ரீமும் அப்படித்தான். தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமோ இல்லாத டப்பா எவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைக்கிறதோ, அவ்வளவு சந்தேகப்பட வேண்டும்.

சாறு குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ காலையில் நடந்துவிட்டு, வாசலில் ஒரு டம்ளர் பச்சைச் சாறு குடித்தால்தான் சிலருக்கு அன்றைய வாக்கிங் முழுமை பெறும். அளவோடு குடித்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் கொழுப்பு குறையும் என்று நம்பி, இரும்பன் புளியை அடித்துக் கெட்டிச் சாறாகக் குடித்த 10 பேர் திடீர் சிறுநீரகச் செயலிழப்போடு கேரள மருத்துவமனைகளில் சேர்ந்ததை 2013-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது. சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. அந்தக் காயில் ஆக்சலேட் மிக அதிகம். அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடும். நட்சத்திரப் பழம் என்கிற தம்பரத்தங்காயும் அதே குடும்பம். ஏற்கெனவே கிட்னி பிரச்னை இருப்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

வெயிலும் தாகமும்

பாதரசத்தைவிடப் பெரிய புதிர் ஒன்று இருக்கிறது. இலங்கையின் வடமத்திய மாகாண நெல் விவசாயிகள், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளர்கள், ஆந்திராவின் உத்தானம் பகுதி மக்கள் என உலகின் வெவ்வேறு மூலைகளில் சர்க்கரையும் பிபியும் இல்லாத உழைப்பாளிகள் நாற்பது, ஐம்பது வயதிலேயே கிட்னியை இழக்கிறார்கள். குடிநீரா, பூச்சிக்கொல்லியா, வெயிலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வெயில் மீதான சந்தேகம் வலுத்துக்கொண்டே போகிறது.

நம் ஊரிலும் இதைத் தேடியிருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றில் 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை, மாநிலத்தின் பல பகுதிகளில் 3,300-க்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல் ‘காரணம் தெரியாத’ சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது.

உப்பளம் எங்கே, பனகல் பூங்கா எங்கே என்று தோன்றலாம். உப்பளப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்க ஒரு முக்கியக் காரணம், ஒதுங்க இடமில்லாததுதான். ரங்கநாதன் தெருவில் நடைபாதையில் கடை போட்டிருக்கும் அக்காவுக்கும், காலையிலிருந்து இரவுவரை கவுன்ட்டரில் நிற்கும் தங்கைக்கும், வெயிலில் சுற்றும் டெலிவரி தம்பிக்கும் இதே கணக்குதான்: ‘குடித்தால் போக வேண்டும், போக இடம் இல்லை.’ கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டமே கொண்டுவந்தது. நாற்காலிக்குச் சட்டம் வந்த அளவுக்குத் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் கிடைக்க வேண்டிய ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கினால் கல்லும் கிருமித் தொற்றும் முதலில் வரும். அவை திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

இப்படி நாள் முழுக்க நின்றவர் இரவில் என்ன செய்கிறார்? கால் வலி தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இந்த அடி பலமாக விழும். சில வகை பிபி மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம்.

கால் டாலரில் ஒரு கிராமம்

காரணத்தைத் தேடுவது ஒரு பக்கம். தெரிந்த காரணத்தையாவது தடுக்கலாமே என்று கிளம்பியவர் டாக்டர் எம்.கே.மணி. எழுபதுகளில் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்கு சிறுநீரகச் சிகிச்சை அளித்தவர். பிறகு சென்னை அப்போலோவின் தலைமைச் சிறுநீரக நிபுணர். பத்மபூஷண் விருது பெற்றவர். டயாலிசிஸும் மாற்று அறுவை சிகிச்சையும் செய்தே பெயர் வாங்கிய ஒருவர், ‘இந்த நாட்டில் பெரும்பாலானோருக்கு இவை எட்டாது’ என்ற முடிவுக்கு வந்தது சாதாரண விஷயமில்லை.

அவரது சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் சுமார் 25,000 பேரைக் கவனிக்கத் தொடங்கியது. வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டால், புரதம் இருந்தால் பாலாகத் திரியும். சர்க்கரையைப் பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே பெனடிக்ட் கரைசல். கூடவே பிபி கருவி. அவ்வளவுதான் மூலதனம்.

பிரச்னை தெரிந்தவர்களுக்கு இருப்பதிலேயே மலிவான மருந்துகள் தரப்பட்டன. பிபிக்கு ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயாசைடு, ஹைட்ரலசைன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைடு. ரிசர்பின் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பழைய மருந்து. பெரிய ஆஸ்பத்திரிகள் எப்போதோ மறந்துவிட்டது. ஆனாலும் பலன் இருந்தது. பிபி இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 140/90-க்குக் கீழே வந்தார்கள். செலவு? கிராமத்து மக்கள்தொகையில் தலைக்கு ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய கால் டாலர். 2003-ல் இந்த முடிவுகள் வெளியானபோது வெளிநாட்டு நிபுணர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழக அரசும் பின்னாளில் இதே பாதைக்கு வந்தது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் திட்டமும் நடக்கிறது.

உங்கள் ரிப்போர்ட்டில் இது இருக்கிறதா?

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கிராமத்தினருக்குக் கிடைத்த சிறுநீர்ப் பரிசோதனையை, அடையாறில் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஹெல்த் செக்கப் செய்பவர்கள்கூடக் கவனிப்பதில்லை. ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று போட்டிருந்தால் நிம்மதி. ஆனால் ஒல்லியான வயதான பெண்மணிக்கு கிரியேட்டினின் 1.1 என்றிருந்தாலும் வடிகட்டும் திறன் கணிசமாகக் குறைந்திருக்கலாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்’ எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பற்றிய பேச்சு தொடங்கும். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம்.

இரண்டாவது எண், சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர் குறைவதற்குப் பல வருடம் முன்பே இது ஏறத் தொடங்கிவிடும். மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்தக் கட்டத்தில்தான். சர்க்கரை, பிபி உள்ளவர்கள், குடும்பத்தில் கிட்னி நோய் உள்ளவர்கள், வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். க்ரீமோ பொடியோ பயன்படுத்துகிறவராக இருந்தால், டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவையும் பையில் எடுத்துப் போங்கள்.